முதுகோடு முதுகு

போன வாரம் காளிச்சாமியைப் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, புங்கமரத்தடியில் விட்டுவிட்டு வந்தோம். டி.வி.எஸ். ஐம்பதின் எஞ்சினைக்கூட அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். மனைவியையும் மகளையும் இறக்கிவிட்டு நேரே தறிக்குடோனுக்கு ஓடிவிடலாம் என்பது அவர் போட்டிருந்த திட்டம். பாவம், பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியும் பத்மாவதியை அவருக்குத் தெரியவில்லை.

பத்மாவதி சண்டை போடவில்லை. எட்டி எஞ்சினை அணைத்தாள். சோற்றுக் கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். உள்ளே மூன்று பேருக்கும் சேர்த்துக் கட்டிய தக்காளிச் சோறு. அதைத் தூக்கிக்கொண்டு எந்த மனுஷன் குடோனுக்கு ஓடுவான்? கூடையோடு காளிச்சாமி உள்ளே போனார்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

சோமனூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அதில் நாலாம் வகுப்புப் படிக்கிற காளிச்சாமியின் மகள் பொற்கொடி ஜூன் மாதத்திலிருந்து வகுப்பில் பேசுவதில்லை. வீட்டில் பேசினாலும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவாள். முன்பற்கள் விழுந்து முளைத்தபோது ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்துவிட்டன. வகுப்பில் யாரோ சிரித்தார்கள், அன்றைக்கு மேலே போன கை இன்னும் இறங்கவில்லை. இப்படி ஒடுங்கிப்போன பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்ததால், கோயமுத்தூரிலிருந்து ரெபேக்கா டீச்சரை வரவழைத்து, ஆறு சனிக்கிழமை பெற்றவர்களையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பழக்க ஏற்பாடு செய்தார்கள். பிள்ளைகளின் மனசைத் தெரிந்துகொள்ளப் பெரியவர்களுக்குப் பயிற்சி. ஊர் அதற்கு வைத்த பெயர் ‘அப்பனாத்தா கிளாஸ்’.

முதல் மூன்று சனிக்கிழமையும் காளிச்சாமி டிமிக்கி கொடுத்தார். காரணம் அவருக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும். பதினாலு வயதில் தறிக்குள் போனவர். இருபது வருஷத்துச் சத்தம் இரண்டு காதையும் தின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்கு மெஷின் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு, அவருடைய ஸ்பானர் பெட்டிக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டு கிடக்கிறது.

குடோனுக்குள் எல்லோருமே உதட்டைப் பார்த்தும் கையை ஆட்டியும்தான் பேசிக்கொள்வார்கள். அங்கே காது கேட்கிறவருக்கும் கேட்காதவருக்கும் வித்தியாசமே தெரியாது. அந்தப் பழக்கத்தை வைத்தே அவர் வெளியிலும் சமாளித்து வந்தார். பத்மாவதிக்குச் சந்தேகமே வரவில்லை. தான் சொல்வதைப் புருஷன் காதில் வாங்காததை எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று விட்டுவிட்டாள்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. காளிச்சாமி தறி பிட்டர். தறி ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்கிறவர் என்று பல்லடம் வரைக்கும் பேர். காது போய்விட்டது என்று தெரிந்தால் அந்தப் பேரும் அதோடு வந்த வேலையும் என்ன ஆகும்?

ஹாலில் பவானி ஜமுக்காளங்களை விரித்து எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்திருந்தார்கள். காலியாக இருந்த இடம் லட்சுமணசாமிக்குப் பக்கத்தில். யார் லட்சுமணசாமி? குடோன் முதலாளி. அவருடைய மகன் தமிழ்வேந்தனும் நாலாம் வகுப்புதான்.

காளிச்சாமி நின்றார். அவருடைய அப்பா லட்சுமணசாமியின் அப்பா தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர். குடோனில் முதலாளி உட்காரச் சொன்னாலும் காளிச்சாமி ஒரு தறியில் சாய்ந்து நிற்பாரே தவிர உட்கார்ந்ததில்லை. இங்கே சாய்ந்து நிற்கத் தறி இல்லை. ஜமுக்காளத்தின் ஓரத்தில் பாதி உடம்பு தரையில் இருக்கும்படி உட்கார்ந்தார். பத்மாவதி தோளால் ஒரு தள்ளு தள்ளி அவரை முழுசாக உட்காரவைத்தாள்.

லட்சுமணசாமிக்கோ தன் ஆளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் அறிமுகப்படுத்தினார்.

“இவருதானுங்க எங்க பிட்டரு. தறி பக்கத்துல போய் நின்னாருன்னா போதும், சத்தத்தக் கேட்டே சொல்லிப்போடுவாரு. தை மாசம் புது குடோன் தொறக்கறமுங்க, முப்பத்தாறு தறி. அதுக்கு இவருதான் ஹெட் பிட்டரு.”

முதலாளிக்கு உதடு தெளிவாக அசையும். ஒரு வார்த்தை விடாமல் காளிச்சாமிக்குப் புரிந்தது. பத்மாவதிக்குப் பெருமையில் முகம் பூத்தது. காளிச்சாமி தலையைக் குனிந்து ஜமுக்காளத்தின் கோடுகளை எண்ணினார்.

ரெபேக்கா டீச்சருக்கு இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு நோட்டு. இத்தனை பெரியவர்களைப் பார்த்த பயத்தில் நோட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் பேசினார். அதனால் காளிச்சாமிக்கு அவர் சொன்னதில் பாதி போயிற்று. மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அது அவருக்குப் பழகிய வழி.

அன்றைய பயிற்சி இதுதான். அப்பாவோ அம்மாவோ ஒருவரும் பிள்ளையும் முதுகோடு முதுகு வைத்து உட்கார வேண்டும். ஐந்து நிமிஷம் பிள்ளை மனசில் இருப்பதைப் பேசும். பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, திரும்பவும் கூடாது. பிறகு பிள்ளை சொன்னதை அவர்கள் எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் முகத்தைப் பார்த்தால் பிள்ளைகள் பயந்து பாதியை முழுங்கிவிடும், முகம் தெரியாவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்பது டீச்சர் படித்த படிப்பு. நல்ல படிப்புதான். அங்கே இருந்த அத்தனை அப்பாக்களுக்கும் பொருந்தும், ஒருவரைத் தவிர.

யாரோடு உட்காருவது என்று பிள்ளைகளே சொல்லட்டும் என்றார் டீச்சர். பொற்கொடி வாயை மூடியிருந்த கையை எடுக்காமல் இன்னொரு கையால் அப்பாவைக் காட்டினாள்.

பத்மாவதிக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாகப் பிள்ளையை மடியில் போட்டுச் சமாதானம் சொன்னவள் அவள். தறிக்கு நூல்தார் சுற்றுகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மூன்று சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வந்தவளும் அவள். ஆகஸ்ட் பதினைந்துக்குப் பிள்ளை கும்மி ஆடியபோது வந்து பார்த்தவளும் அவள்தான். கூப்பிட்டது அப்பனை. வருத்தம் இருந்தாலும் நகர்ந்து இடம் விட்டாள். மனசுக்குள் மாசாணியம்மனை வேண்டிக்கொண்டாள், இந்த மனுஷன் இன்றைக்காவது பிள்ளை பேசுவதைக் காதில் வாங்க வேண்டும் என்று.

பொற்கொடியின் முதுகு சின்னது. ரெட்டைச் சடையின் ரிப்பன் முடிச்சு அவர் சட்டை வழியாகக் குத்தியது. டீச்சர் விசில் ஊதியது காளிச்சாமிக்குக் கேட்கவில்லை. எதிரே தமிழ்வேந்தன் கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் தொடங்கிவிட்டது என்று தெரிந்தது.

அவருக்குக் கேட்டதெல்லாம் ஒரு இரைச்சல். எங்கோ தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. திரும்பினால் ஒழிய மகளின் வாயைப் பார்க்க முடியாது. திரும்பினால் அந்த வாயின் மேல் கை இருக்கும். காளிச்சாமிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஜூன் மாதத்திலிருந்து மகள் பேசியது எதுவுமே தன்னை வந்து சேரவில்லை. பெரிய பிள்ளையாகிறாள், வெட்கப்படுகிறாள் என்று அவராக நினைத்துக்கொண்டிருந்தார். அவள் ஏதாவது கேட்டால் ‘என்ன கண்ணு’ என்று இரண்டு தடவை கேட்பார், மூன்றாவது தடவை கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்று தலையை ஆட்டி வைப்பார். எதற்கெல்லாம் தலையாட்டினோம் என்று இப்போது யோசித்தார். ஒன்றுகூடத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் முதுகில் அது தெரிந்தது.

லேசான ஒரு அதிர்வு. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ஓடியது. ஓடுகிற தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தால் தெரியுமே, அந்த ஜாதி. மகளின் குரல். காளிச்சாமி மூச்சை அடக்கிக்கொண்டு முதுகை நிமிர்த்தி வைத்தார். அவள் பேசினாள், நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தபோது வேகம் கூடியிருந்தது. ஓர் இடத்தில் அதிர்வு அறுந்து அறுந்து வந்தது. மூச்சு இழுத்துக்கொண்டு உள்ளே போனது. பிள்ளை அழுகிறது.

திரும்பப் போனார். டீச்சர் தூரத்திலிருந்து கூடாது என்று கையை ஆட்டினார். காளிச்சாமி முன்பக்கமே பார்த்து உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் பெற்ற மகள் அழுகிறாள், என்ன சொல்லி அழுகிறாள் என்று தெரியவில்லை, திரும்பவும் கூடாது. அந்த மனுஷன் அப்படி உட்கார்ந்திருந்ததை எழுதும்போது எனக்கே மனசு தாளவில்லை.

ஐந்து நிமிஷம் முடிந்தது. ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். லட்சுமணசாமிதான் முதலில் ஆரம்பித்தார். பையன் கிரிக்கெட் பேட் கேட்கிறான், பொங்கலுக்குள் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று சுருக்கமாக முடித்தார்.

“நான் பேட்டுன்னே சொல்லலீங்கப்பா,” என்றான் தமிழ்வேந்தன். “நீங்க ஒரு நாளும் எங்ககூட உக்காந்து சோறு உங்கறதில்லீன்னு சொன்னேன்.”

ஹாலில் சிரிப்பு எழுந்தது. பாதியிலேயே நின்றும் போனது. லட்சுமணசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் துண்டு கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது.

அடுத்து காளிச்சாமி. எல்லோரும் தன் பக்கம் திரும்பியதும் தன் முறை என்று தெரிந்துகொண்டார்.

பொய் சொல்ல வழி இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள், பல்லைப் பற்றிச் சொன்னாள் என்று எதையாவது சொல்லிவிடலாம். பாதி சரியாகவும் இருக்கும். இடப்பக்கம் முதலாளி. முப்பத்தாறு தறியும் ஹெட் பிட்டர் என்ற பேரும் அந்தப் பக்கம் இருந்தன. வலப்பக்கம் பொற்கொடி, வாயில் கை, கண்ணில் ஈரம். அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை அவரை என்னவோ செய்தது. காளிச்சாமி எழுந்து நின்றார். உட்கார்ந்து சொல்கிற விஷயமாக அது அவருக்குப் படவில்லை.

“எனக்குக் காது கேக்காதுங்க. ரெண்டு காதும். ஆகி மூணு வருசம் இருக்கும். எதுத்தாப்ல இருந்து வாயப் பாத்தாத்தான் பேசறது தெரியும். எம் பொண்ணு இப்ப என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா ரெண்டு தடவ அழுதுச்சு. முதுகுல தெரிஞ்சுது. மொத தடவ அடக்கிப்போட்டு மறுக்கா பேசுச்சு. ரெண்டாவது தடவ அடக்க முடியல.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். முதலாளியின் பக்கம் திரும்பி மீதியையும் சொன்னார்.

“தறியவும் அப்படித்தானுங்க பாக்கறேன். சட்டத்துல கைய வெச்சு. சத்தத்தக் கேட்டு இல்லீங்க.”

ரெபேக்கா டீச்சர் நோட்டை இறக்கினார். அன்றைக்கு முதல் தடவையாக அவருடைய முழு முகமும் காளிச்சாமிக்குத் தெரிந்தது. எல்லா அப்பாக்களுக்கும் ஒரே பயிற்சி என்று வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் சொன்னதும் புரிந்தது.

பொற்கொடி எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள். ஏதோ கேட்டாள். கை வாய்மேலேயே இருந்தது. காளிச்சாமி மண்டி போட்டு உட்கார்ந்தார், இப்போது இரண்டு முகமும் ஒரே உயரத்தில். மூன்றாவது தடவை ‘என்ன’ என்று கேட்கப் பயந்தவர், அந்தக் கையை மெதுவாகப் பிடித்தார். இழுக்கவில்லை.

“கைய எடுங்க கண்ணு. உங்க வாயப் பாத்தாத்தான் அப்பனுக்குக் கேக்கும்.”

அவள் அவரையே பார்த்தாள். ஹாலில் இருந்த மற்ற பிள்ளைகளை ஒரு தடவை பார்த்தாள். கை இறங்கியது.

ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு பல். ஆறு மாதமாக அவர் பார்க்காத வாய். எத்தனை அழகான பிள்ளை என்று அவருக்குத் தோன்றியது. பெற்றவனுக்குத் தோன்றாமல் யாருக்குத் தோன்றும்.

“கும்மிக்கு வாரீங்களான்னு கேட்டேன், நீங்க தலையாட்டுனீங்க,” என்றாள் பொற்கொடி. “வரவே இல்ல. நான் பள்ளிக்கூடத்துக் கேட்டையே பாத்துட்டு ஆடுனேன். எம் பல்லு அசிங்கமா இருக்குது, அதனாலதான் நீங்க வரலீன்னு நெனச்சேனுங்கப்பா.”

அவர் தலையாட்டிய கணக்கில் ஒன்று தெரிந்துவிட்டது. இன்னும் எத்தனையோ.

“நீங்க கேட்டதே எனக்குக் கேக்கல கண்ணு. கேக்கலீன்னு சொல்ல வெக்கப்பட்டுட்டு தலைய ஆட்டிப்போட்டேன். தப்பு என்ற மேலதான். உங்க பல்லு மேல ஒண்ணுமே இல்ல.”

இதற்குள் பத்மாவதி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டாள். அவளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே வெளியே விட்டாள். கட்டினவளிடம் சொல்லாமல் மூன்று வருஷம் மறைப்பதற்கு அவள் என்ன அசலூர்க்காரியா என்று கேட்டாள். அப்படியென்றால் மூன்று வருஷமாகத் தான் பேசியதெல்லாம் வீண்தானா என்றும் கேட்டாள்.

“மூஞ்சியப் பாத்துத் திட்டுனதெல்லாம் கேட்டுச்சு அம்மணி,” என்றார் காளிச்சாமி. “அந்தப் பக்கம் திரும்பீட்டுத் திட்டுனதுதான் கேக்கல.”

இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நிற்கவில்லை. பத்மாவதிகூட அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்டாள், இத்தனையும் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று. அம்மாவிடம்தான் தினமும் பேசுகிறேனே, அப்பாவிடம்தானே பாக்கி இருந்தது என்றாள் பொற்கொடி. அதைக் கேட்டதும் பத்மாவதிக்கு முன்னே சுருக்கென்றது போன இடம் தெரியவில்லை.

புங்கமரத்தடியில் மூன்று பேரும் தக்காளிச் சோறு சாப்பிட்டார்கள். பொற்கொடி அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, விட்டுப்போன ஆறு மாதத்தையும் சொல்லி முடித்துவிடுகிற வேகத்தில் பேசினாள். நடுநடுவே கை தானாக மேலே போகும். காளிச்சாமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். கை இறங்கும். ஒரு சோற்றுப் பருக்கை அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது, பத்மாவதி அதைத் துடைக்கக்கூட மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கூடையைக் கட்டும்போது ஹாலிலிருந்து லட்சுமணசாமி வெளியே வந்தார். மகனின் தோளில் கை போட்டிருந்தார். காளிச்சாமி எழுந்து நின்றார். முதலாளி அவர் அருகில் வந்து, உள்ளே போகும்போது எல்லோரும் மரத்தடியில் கழற்றிப்போட்டிருந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடினார். குனிந்து வாரை மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். நிமிர்ந்தார். காளிச்சாமியின் முகத்தைப் பார்க்காமல் மகனைக் கூட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்துவிட்டார்.

காளிச்சாமிக்கு அந்தக் குனிந்த தலையின் வழுக்கை மட்டும்தான் தெரிந்தது. ஒரு வார்த்தையும் தெரியவில்லை. பழைய வழக்கப்படி, செரிங்க என்று தலையை ஆட்டப் போனார். கழுத்து பாதியில் நின்றுவிட்டது.

பொற்கொடி சுற்றி வந்து அவருக்கு எதிரே நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். கை மேலே எழவே இல்லை.

“திங்கக்கெழம நேரமே ஊட்டுக்கு வரச் சொல்றாருங்கப்பா. குடோனுக்குப் போறதுக்கு முந்தி. தனியாப் பேசோணுமாம்.”

கார் கிளம்பிப் போகிற வரைக்கும் காளிச்சாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்மாவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோவமாச் சொன்னாருங்களா கண்ணு?” என்று மகளிடம் கேட்டார் காளிச்சாமி.

பொற்கொடி யோசித்தாள். தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள், அதில் அந்த இரண்டு பல்லும் நன்றாகத் தெரிந்தது.

“நானும் கூட வாரேனுங்கப்பா,” என்றாள். “அவரு மறுக்கா குனிஞ்சுட்டுப் பேசுனா, நான் உங்களுக்கு நேரா நின்னு சொல்றேன்.”